டிராக் டே காரின் பிரேக் தேய்மானம்: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்கு என் சிறிய ஹேட்ச்பேக் காரை முதன்முதலாகக் கொண்டுசென்ற நாளில், மூன்றாவது சுற்றில் நேர்சாலையின் முடிவில் பிரேக்கை மிதித்தபோது, பெடல் வழக்கத்தைவிட வெகுவாகக் கீழே இறங்கிய பிறகுதான் கார் பிடித்தது. வேகத்தைக் குறைத்து, ஓரமாகவே ஓட்டி, பிட் லேனுக்குள் (தளத்தின் ஓரத்தில் கார்களை நிறுத்தும் பாதைக்குள்) வந்து நிறுத்தினேன். மறுவாரம் ஒரு பணிமனையில் காரை விட்டேன். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேட் தேய்ந்துவிட்டது என்று சொல்லி முன்பக்கத்து நான்கு பேட்களையும் மாற்றிக் கொடுத்தார்கள். சில வாரம் கழித்து அடுத்த டிராக் டேயில், அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தளத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளில், அதே இடத்தில் பெடல் மீண்டும் இறங்கியது. அன்று வீட்டுக்கு வந்து நானே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். இடது முன் சக்கரத்தின் உள்பக்கப் பேட் 4 மி.மீ. தடிமனே மிஞ்சும் அளவுக்குத் தேய்ந்திருக்க, பேட்களை டிஸ்க்கின்மீது அழுத்தும் அதே காலிப்பரின் வெளிப்பக்கப் பேட் 9 மி.மீ. தடிமனோடு கிட்டத்தட்டப் புதிதாகவே இருந்தது. காலிப்பர் நகர்வதற்குத் தாங்கலாக இருக்கும் கீழ் ஸ்லைடு பின்னை இழுத்தால் வரவில்லை. ஸ்பானரால் திருகித் திருகி வெளியே எடுத்தபோது அதில் கிரீஸ் என்று சொல்ல எதுவும் இல்லை, பழுப்பு நிறத் துருப்பொடிதான் ஒட்டியிருந்தது. தேய்ந்த பேட்டை மாற்றினார்களே தவிர, அது ஏன் அப்படித் தேய்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறையை இங்கே வரிசையாக எழுதுகிறேன். மாருதி ஸ்விஃப்ட், ஃபோக்ஸ்வேகன் போலோ போல, முன்பக்கம் காற்றோட்ட டிஸ்க்கும் ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரும், பின்பக்கம் டிரம்மும் (உள்ளிருந்து ஷூ என்னும் வளைந்த கட்டைகள் அழுத்திப் பிடிக்கும் உருளை) கொண்ட சாதாரணக் கார்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்; நம் ஊரில் தினமும் அலுவலகத்துக்கும், மாதத்தில் ஒரு ஞாயிறு பந்தயத் தளத்துக்கும் போய்வரும் கார்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை.

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் பின்னால் வரும் எல்லாமே அதையொட்டித்தான் இருக்கிறது. ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 160 கி.மீ. வேகத்திலிருந்து 80 கி.மீ. வேகத்துக்குக் குறையும்போது ஏறத்தாழ 815 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டியிருக்கிறது. நகரத்தில் 60 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் அதே காரை முழுவதுமாக நிறுத்துவதற்கு ஆகும் ஆற்றலைவிட இது ஐந்து மடங்குக்கும் அதிகம். பிரேக் போடும்போது காரின் எடை முன்னால் சாய்வதால் அந்த வேலையில் 70 சதவீதத்தை முன் சக்கரங்களே செய்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு முன் டிஸ்க்கின் பங்கு சுமார் 285 கிலோஜூல் ஆகிறது. 5 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க் ஒன்று இந்த வெப்பத்தை வாங்கினால், ஒரே மிதியில் அதன் வெப்பநிலை 120 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. இருங்காட்டுக்கோட்டையின் ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கி.மீ.; கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயின் சுற்று 2.1 கி.மீ. மட்டுமே என்பதால், அங்கே என் காரின் டிஸ்க்குக்கு ஆறும் நேரம் இன்னும் குறைவாகவே கிடைக்கிறது. சாலையில் 40,000 கி.மீ. ஓடக்கூடிய ஒரு பேட் தளத்தில் இரண்டு நாளில் தீர்ந்துபோவதற்கு இந்த வெப்பமே காரணம்.

காலில் தெரியும் குறிகள்

பழுதைக் கண்டறியும் வேலை சக்கரத்தைக் கழற்றும்போது தொடங்குவதில்லை. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, வலது காலின் அடியில் தொடங்கிவிடுகிறது. பிரேக் பிடிக்கவில்லை என்று பொதுவாகச் சொல்வதற்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பழுதுகள் அடங்கியிருப்பதால், பெடல் எப்படி நடந்துகொண்டது என்பதைத் தளத்திலிருந்து வெளியே வந்த உடனே, மறப்பதற்கு முன், ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பெடல் பஞ்சுபோல அமுங்கி, நீளமாகக் கீழே இறங்கி, இரண்டு மூன்று முறை விட்டு விட்டு மிதித்தால் கொஞ்சம் மேலே வந்தது என்றால், பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. திரவத்தை அழுத்தினால் சுருங்காது. அதில் உண்டான ஆவிக்குமிழை அழுத்தினால் சுருங்கும், ஆகவே உங்கள் காலின் விசை பிஸ்டனைத் தள்ளாமல் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடுகிறது. கார் ஆறிய பிறகு பெடல் பழையபடி உயர்ந்துவிடும் என்பதால் பலர் இதைப் பொருட்படுத்தாமல் அடுத்த செஷனுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஒருமுறை கொதித்த ஆயில் அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகவே கைவிடும். அதை மாற்றாமல் மீண்டும் தளத்துக்குள் போகக் கூடாது.

பெடல் கல்போல உறுதியாக, வழக்கமான உயரத்திலேயே இருந்தும், எவ்வளவு அழுத்தினாலும் கார் வேகம் குறையாமல் வழுக்கிக்கொண்டு போனது போலிருந்தால், ஆயிலில் குறையில்லை. பேட் அதன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. அதோடு பிசின் கருகுகிற ஒரு கார நெடியும் வரும். சாதாரணச் சாலை பேட்கள் 350 டிகிரியை ஒட்டியே தளர ஆரம்பிக்கின்றன. தளத்துக்கென்று செய்யப்படும் பேட்கள் 600 டிகிரிக்கு மேலும் தாங்கும். இந்த இரண்டு பழுதுகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, ஆயில் கொதித்ததற்குப் பேட்டையும், பேட் தளர்ந்ததற்கு ஆயிலையும் மாற்றிப் பணத்தை வீணாக்கியவர்களைப் பேடக்கில் (தளத்தில் கார்களை நிறுத்தித் தயார்செய்யும் இடத்தில்) அடிக்கடி பார்க்கிறேன்.

முதல் மிதி நீளமாகப் போய், உடனே அடுத்த மிதி சரியாக இருந்தால், அதுவும் குறிப்பாக வளைவோரத்துக் கட்டைமீது சக்கரம் ஏறி இறங்கிய பிறகு அப்படி ஆனால், டிஸ்க் ஆடி பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். சக்கர பேரிங் தளர்ந்து ஆட்டம் இருப்பது இதற்கு வழக்கமான காரணம். காரை உயர்த்தி, சக்கரத்தின் மேலும் கீழும் இரு கைகளால் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிரேக் போடும்போது பெடலிலும் ஸ்டியரிங்கிலும் சீரான அதிர்வு வந்தால், டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. உண்மையில் முழு டிஸ்க்கும் வளைந்துபோவது அரிது; பேட்டின் பொருள் டிஸ்க்கின் சில இடங்களில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்வதாலோ, டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாததாலோதான் பெரும்பாலும் இந்த அதிர்வு உண்டாகிறது. சூடான காரை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடியே நிற்பவர்களின் கார்களில் இது தவறாமல் வரும்.

கார் ஒரு பக்கம் இழுத்தால், இழுக்கும் பக்கம் நன்றாக வேலை செய்கிறது, மறுபக்கம்தான் பழுது என்று முதலில் கொள்ளுங்கள். பிரேக்கை விட்ட பிறகும் இழுப்பு தொடர்ந்தால் நிலைமை தலைகீழ். இழுக்கும் பக்கத்துக் காலிப்பர் விடுபடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது.

பிட் லேனில் செய்ய வேண்டியவை

கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டி, டிஸ்க்கைக் காற்றில் ஆறவிட்டபடி உள்ளே வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். முதல் கியரில் போட்டுவிட்டு, சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையை வையுங்கள். சூடான டிரம்மை ஷூ இறுகப் பிடித்துக்கொண்டு நின்றால், டிரம் ஆறும்போது உருவம் கெடவும், ஷூ ஒட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று கையில் இருந்தால் நான்கு சக்கரங்களையும் உடனே அளந்து எழுதிக்கொள்ளலாம். ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. பளபளப்பான டிஸ்க் பரப்பு வெப்பக் கதிரைக் குறைவாக வெளிவிடுவதால், கருவி உண்மையான வெப்பநிலையைவிடக் குறைத்தே காட்டும். இடது முன் டிஸ்க்கையும் வலது முன் டிஸ்க்கையும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் பிடித்து அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஐம்பது அறுபது டிகிரி வித்தியாசம் இருந்தால், சூடு அதிகமான பக்கத்தில் காலிப்பர் பற்றிக்கொண்டிருக்கிறது, அல்லது சூடு குறைவான பக்கம் வேலையே செய்யவில்லை. பந்தயத் தளத்தில் ஒரு திசை வளைவுகள் அதிகம் என்பதால் சிறு வித்தியாசம் இயல்பு. அதைப் பழுதாக எண்ண வேண்டியதில்லை.

பெடலையும் அங்கேயே சோதிக்கலாம். கார் நின்ற நிலையில் பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்திருங்கள்; அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே எங்காவது ஆயில் கசிகிறது, அல்லது பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் சீல் தேய்ந்து ஆயிலைப் பின்னுக்கு விடுகிறது. பெடல் நீளமாகப் போகும் கார்களில் எளிய சோதனை இன்னொன்றும் இருக்கிறது: பின்டிரம் ஆறிய பிறகு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவைத்துக்கொண்டு பெடலை மிதித்துப் பாருங்கள். அப்போது பெடல் உயரமாக நின்றால், பின்பக்க ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி அதிகமாகிவிட்டது. முன்பக்கத்தில் எவ்வளவு செலவழித்தாலும் அந்தக் குறை தீராது.

சக்கரத்தைக் கழற்றிய பிறகு

சமதளமான தரையில், கார் முழுவதும் ஆறிய பின், ஜாக்கால் உயர்த்தி, ஜாக் ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே கையை உள்ளே விட வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட வேலை செய்யாதீர்கள். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பிரேக் கிளீனர் தெளித்து, துணியால் துடைத்தெடுங்கள்.

ஒரு காலிப்பரில் உள்ள இரண்டு பேட்களையும் கழற்றி, ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் தடிமனை வெர்னியர் அளவுகோலால் அளந்து எழுதுங்கள். பின்தகட்டைச் சேர்க்காமல், உராயும் பொருளின் தடிமனை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். பெரும்பாலான சிறு கார்களின் புதுப் பேட்டில் இது 10 முதல் 12 மி.மீ. வரை இருக்கும். நான்கு பேட்களும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் நல்லது. அவை தம் வேலையைச் செய்து தேய்ந்திருக்கின்றன, மாற்றினால் போதும். உள்பேட் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது, அல்லது பிஸ்டன் திரும்பி வரவில்லை. ஒரே பேட்டின் ஒரு முனை மெல்லியதாகவும் மறுமுனை தடித்தும் ஆப்புபோல ஆகியிருந்தால், காலிப்பர் நேராக நகராமல் சாய்ந்து அழுத்துகிறது. அல்லது பேட்டின் இரு முனைகளிலும் நீட்டியிருக்கும் காதுகள் தாங்கியில் துருவேறிச் சிக்கியிருக்கின்றன. ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர்களில் தளத்து வெப்பத்தால் சிறிதளவு ஆப்புத் தேய்மானம் வருவது சாதாரணம். ஒரு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

சாலையில் மட்டும் ஓடும் காருக்கு 3 மி.மீ. வரை பேட்டைப் பயன்படுத்தலாம். தளத்துக்குப் போகும் காருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உராயும் பொருள் வேகத்தைக் குறைப்பதோடு, டிஸ்க்கின் வெப்பம் பிஸ்டனுக்கும் அதன் பின்னால் இருக்கும் ஆயிலுக்கும் போகாமல் தடுக்கும் சுவராகவும் இருக்கிறது. அந்தச் சுவர் பாதியானால் ஆயில் கொதிக்கும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. ஆகவே பாதிக்குக் கீழ் தேய்ந்த பேட்டோடு தளத்துக்குள் போவதில்லை என்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அப்படி மீதமான பேட்டைச் சாலை ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பேட்டின் மேற்பரப்பு கண்ணாடிபோல மினுமினுத்தால், ஓரம் பொடிந்து உதிர்ந்தால், பின்தகட்டின் பெயின்ட் வெந்து சாம்பல் நிறமாகியிருந்தால், தடிமன் எவ்வளவு இருந்தாலும் அந்தப் பேட்டின் காலம் முடிந்தது.

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் நடுப்பகுதியிலோ ஓரத்திலோ பொறிக்கப்பட்டிருக்கும்; பொதுவாகப் புது டிஸ்க்கைவிட அது 2 மி.மீ. குறைவாக இருக்கும். ஓரத்தில் தேயாத விளிம்பு ஒன்று எழும்பி நிற்பதால் வெர்னியர் அங்கே ஏமாற்றும். மைக்ரோமீட்டரை விளிம்பைத் தாண்டி உள்ளே வைத்து, சுற்றிலும் எட்டு இடங்களில் அளக்க வேண்டும். எட்டு அளவுகளுக்குள் 0.02 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெடலில் அதிர்வு வரும். டிஸ்க்கின் தள்ளாட்டத்தை டயல் கேஜ் கொண்டு அளக்கும்போது எல்லாச் சக்கர நட்டுகளையும் இறுக்கிவிட்டு அளக்க வேண்டும். இதற்குப் பல உற்பத்தியாளர்கள் வைக்கும் எல்லை 0.05 முதல் 0.10 மி.மீ. வரை, அதாவது நாம் எழுதும் சாதாரணத் தாளின் தடிமனுக்குள்தான். டிஸ்க்குக்கும் அது பொருந்தும் சக்கர மையமான ஹப்புக்கும் இடையில் சிக்கிய ஒரு துருத்துணுக்கே இந்த எல்லையைத் தாண்டச் செய்துவிடும் என்பதால், டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து மீண்டும் அளந்து பாருங்கள்.

டிஸ்க்கின் பரப்பில் சிலந்திவலைபோல மெல்லிய வெப்பக் கீறல்கள் தெரிவது தளத்துக் கார்களில் இயல்பு. நகத்தை அதன்மீது ஓட்டும்போது நகம் சிக்கினால், அல்லது ஏதாவது ஒரு கீறல் வெளிவிளிம்பு வரை ஓடியிருந்தால், அந்த டிஸ்க்கை மறுபடி காரில் பொருத்தவே கூடாது. டிஸ்க்கை லேத்தில் கடைந்து பயன்படுத்தலாம் என்று சொல்வார்கள். சாலைக் காருக்கு, குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் மீதம் இருக்கும்வரை, அது சரியான யோசனைதான். ஆனால் தளத்தில் வெப்பத்தைத் தாங்குவது டிஸ்க்கின் எடை. கடைந்து எடையைக் குறைத்தால் அதே மிதிக்கு வெப்பநிலை இன்னும் அதிகமாக ஏறும். நான் கடைவதில்லை, மாற்றிவிடுகிறேன்.

பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கருகியோ கிழிந்தோ இருக்கிறதா, ஆயில் வரும் ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரிகிறதா, ஒருவர் பெடலை மிதிக்கும்போது ஹோஸ் உப்புகிறதா என்பவற்றையும் பார்த்துவிடுங்கள். பின்டிரம்மைக் கழற்றி, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் அதை மாற்ற வேண்டும், ஆயில் பட்ட ஷூவையும் மாற்ற வேண்டும்.

ஸ்லைடு பின், பேட், டிஸ்க்

என் அனுபவத்தில் மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படும் பாகம் ஸ்லைடு பின் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரில் பிஸ்டன் உள்பேட்டை நேரடியாகத் தள்ளுகிறது; அதன் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்கள்மீது நகர்ந்து வந்துதான் வெளிப்பேட்டை அழுத்துகிறது. பின் இறுகினால் வெளிப்பேட் சும்மா இருக்க, உள்பேட் இரண்டு பேட்களின் வேலையையும் தனியாகச் செய்து கருகுகிறது. நல்ல நிலையில் இருக்கும் பின், விரலால் தள்ளினால் மெதுவாக உள்ளே போய், இழுத்தால் தடையில்லாமல் வெளியே வரும். இரண்டு பின்களையும் எடுத்து, பழைய கிரீஸை முழுவதும் துடைத்து, பின் நுழையும் துளையையும் துணி சுற்றிய குச்சியால் சுத்தம் செய்யுங்கள். பின்னின் பரப்பில் துருக்குழிகள் இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சமாளிக்காமல் புதுப் பின் வாங்குங்கள். ரப்பர் உறைகள் கிழிந்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். கிழிந்த உறை வழியாகத் தண்ணீர் போனதால்தான் பின் துருப்பிடித்திருக்கும். பூசுவது பிரேக்குக்கென்றே விற்கப்படும் சிலிக்கோன் வகைக் கிரீஸாக இருக்க வேண்டும்; பேரிங்குக்குப் போடும் சாதாரணக் கிரீஸ் ரப்பரை ஊதவைத்து, பின்னை முன்னைவிட மோசமாக இறுக்கிவிடும். கிரீஸை மெல்லிய படலமாகப் பூசினால் போதும். அதிகம் அடைத்தால் துளைக்குள் காற்று அடைபட்டு, பின் திரும்பித் தள்ளிக்கொண்டே இருக்கும். சில கார்களில் மேல் பின்னும் கீழ் பின்னும் வேறு வடிவத்தில் இருக்கும் என்பதால், கழற்றும்போதே எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

புதுப் பேட் போடுவதற்குப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, காலிப்பரில் ஆயிலை வெளியேற்றுவதற்கென்று இருக்கும் பிளீடர் நிப்பிளைத் திறந்து, ஒரு குழாய் வழியாகப் பழைய ஆயிலைப் பாட்டிலுக்குள் வெளியேற விடுங்கள். மூடியபடியே தள்ளினால் காலிப்பரில் வெந்து கறுத்த ஆயிலும் துகள்களும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அலகுக்குள் பின்னோக்கிப் போகும். பழைய பேட்டைப் பிஸ்டன்மீது வைத்து, சி கிளாம்ப் கொண்டு மெதுவாக நேராகத் தள்ளி, முழுவதும் உள்ளே போனதும் நிப்பிளை மூடிவிடுங்கள். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் ஸ்பிரிங்கில் கம்பியால் கட்டித் தூக்கிவையுங்கள். பேட்டின் காதுகள் உட்காரும் இடத்திலுள்ள தகட்டுக் கிளிப்புகளைக் கழற்றி, அடியில் இருக்கும் துருவை அரத்தால் தேய்த்து எடுங்கள். புதுப் பேட் கையால் தள்ளினாலே அங்கே நகர வேண்டும். புது டிஸ்க்கின் மேல் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும். பிரேக் கிளீனரால் அதை முழுவதும் கழுவிய பிறகே பேட்டைப் பொருத்த வேண்டும். டிஸ்க்கோ பேட்டோ, இடமும் வலமும் சேர்த்தே மாற்ற வேண்டும். போல்ட்டுகளை உங்கள் காரின் பணிமனைக் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

பிரேக் ஆயிலை மாற்றுதல்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 என்னும் தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரநிலை. ஈரம் ஏறிய நிலையில் அது 140 டிகிரி. டாட் 4க்கு இந்த எண்கள் 230, 155, டாட் 5.1க்கு 260, 180. ஈரம் ஏறிய நிலை என்று தரநிலை சொல்வது ஏறத்தாழ 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையைத்தான். இவ்வளவு சிறிய அளவு தண்ணீரே கொதிநிலையை 65 முதல் 80 டிகிரி வரை குறைத்துவிடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். சென்னை போன்ற கடலோர ஊரில், புழுக்கமான காற்றில், ஆயில் ஈரமாவதற்கு அதிகக் காலம் தேவையில்லை. மூடியைத் திறந்து பாதி பயன்படுத்தி, சில மாதம் அலமாரியில் வைத்திருந்த பாட்டிலைத் தளத்துக் காரில் ஊற்ற வேண்டாம். கொதிநிலை 300 டிகிரிக்கு மேல் உள்ள பந்தய வகை டாட் 4 ஆயில்கள் கிடைக்கின்றன; என்னைக் கேட்டால், டிராக் டேக்காகச் செலவழிக்கும் முதல் பணம் அதற்குத்தான் போக வேண்டும், அடுத்தது பேட்டுக்கு, பெரிய டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் அதற்கெல்லாம் வெகு பின்னால். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் டாட் 5 என்பது சிலிக்கோன் ஆயில். இவற்றோடு அதைக் கலக்கக் கூடாது.

ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்றும், பணிமனைகளில் ஏர் எடுப்பது என்று சொல்லும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, ஆயிலும் குமிழும் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியே வந்ததும், பெடல் மேலே எழுவதற்கு முன்பே நிப்பிளை மூட வேண்டும். மிதிப்பவர் மற்றவர் சொல்லும்வரை காலை எடுக்கவே கூடாது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொள்வது நல்லது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் சீல் ஒருநாளும் போகாத அடிப்பகுதியில் துரு இருக்கும், பெடலை அடிவரை மிதித்தால் சீல் அதில் உரசிக் கிழிந்துவிடும். பல கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவது வழக்கம் என்றாலும், உங்கள் காரின் கையேடு சொல்லும் வரிசையே சரி. ஆயில் தொட்டியின் அளவை ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை பார்த்து நிரப்பிக்கொண்டே இருங்கள்; தொட்டி வற்றிக் காற்று ஏபிஎஸ் அலகுக்குள் போய்விட்டால், அதை எடுக்க ஸ்கேன் கருவி தேவைப்படலாம். சிறு கார் ஒன்றுக்கு முழுவதுமாக மாற்ற ஒரு லிட்டர் போதும். பெயின்ட்டில் சிந்திய ஆயிலைத் துடைத்தால் மட்டும் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

இவ்வளவு செய்த பிறகும் பெடல் பஞ்சாகவே இருந்தால், நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இடது காலிப்பரையும் வலது காலிப்பரையும் மாற்றிப் பொருத்திவிட்டால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலே தங்கிவிடும், எத்தனை முறை ஏர் எடுத்தாலும் போகாது.

பேட்டையும் டிஸ்க்கையும் பழக்குதல்

காரை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்து, பிஸ்டன்கள் வெளியே வந்து பேட்டைத் தொட்டு, பெடல் உறுதியாகும்வரை காத்திருங்கள். இதைச் செய்யாமல் வீட்டு வாசலிலேயே சுவரில் மோதியவர்கள் இருக்கிறார்கள்.

புதுப் பேட்டை நேராகத் தளத்தில் முழு வேகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. பேட்டின் பொருள் டிஸ்க்கின்மீது ஒரே சீரான மெல்லிய படலமாகப் படிய வேண்டும். பிசினில் மீந்திருக்கும் வாயுவும் மெதுவாக வெளியேற வேண்டும். பேட்டோடு வரும் குறிப்பில் தனி முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால், செஷனின் முதல் சுற்றுகளில், பின்னால் வரும் கார்களைக் கவனித்தபடி, 100 கி.மீ. வேகத்திலிருந்து 30 கி.மீ. வரை எட்டுப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடக் கொஞ்சம் அழுத்தமாக, ஆனால் ஒருமுறையும் முழுவதுமாக நிறுத்தாமல் பிரேக் போடுங்கள். அதன்பின் ஒரு முழுச் சுற்றைப் பிரேக் தொடாமல் ஓட்டி, பேடக்குக்கு வந்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். டிஸ்க்கின் முகம் சுற்றிலும் ஒரே சாம்பல்நீல நிறத்தில் இருந்தால் படலம் சரியாகப் படிந்திருக்கிறது. திட்டுத்திட்டாக இருந்தால் இன்னொரு முறை செய்யுங்கள்.

முதல் முழுச் செஷன் முடிந்ததும் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் மீண்டும் சோதியுங்கள். சக்கரத்தின் உள்பக்கத்தையும் நிப்பிளின் அடியையும் வெள்ளைத் துணியால் துடைத்து, ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். காலிப்பரின் ஜன்னல் வழியாகப் பேட்டின் தடிமனைப் பார்த்து, தேதி, செஷன் எண், தடிமன் மூன்றையும் எழுதிவையுங்கள். ஒரு செஷனுக்கு எவ்வளவு தேய்கிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்த டிராக் டேக்குப் புதுப் பேட் வேண்டுமா என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துவிடலாம். என் காரில் இரண்டு ஸ்லைடு பின்களையும் மாற்றி, 11 மி.மீ. தடிமனுள்ள புதுப் பேட்டோடு நான்கு செஷன் ஓட்டிய நாளின் முடிவில், இடது காலிப்பரின் உள்பேட் 9.6 மி.மீ., வெளிப்பேட் 9.8 மி.மீ. என்று குறித்துவைத்திருக்கிறேன்.